கத்தரியில் பூச்சி மருந்து அடித்த பிறகுதான் செஞ்சிலந்தி கூடுகிறது. எங்கே தவறு?

கத்தரிக்காடு:

60 சென்ட் கத்தரி, நட்டு 75 நாள், சொட்டுநீர், நான்கு நாளுக்கு ஒரு பறிப்பு. பகலில் 36, 37 டிகிரி வெயில். அடி இலையும் நடு இலையும் மேல்பக்கம் வெளுத்துப் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. திருப்பினால் செஞ்சிலந்தி. பத்து பதினைந்து செடிகளில் நூலாம்படையே கட்டிவிட்டது.

இதுவரை அடித்த கணக்கு:
10ஆம் நாள் இமிடாகுளோபிரிட், வேரில் ஊற்றியது.
28ஆம் நாள் லாம்டா சைகலோத்ரின், குருத்துத் துளைப்பானுக்கு.
38ஆம் நாள் புரோபெனோபாஸும் சைபர்மெத்ரினும் சேர்ந்த கலவை.
47ஆம் நாள் மறுபடி லாம்டா, கூடவே மேங்கோசெப்.
55ஆம் நாள் தயாமீதாக்சாம், வெள்ளை ஈக்கு.
62ஆம் நாள் பெனாசாகுயின் 10 ஈசி, 16 லிட்டர் டேங்குக்கு 40 மில்லி, மொத்தம் 4 டேங்க்.

பெனாசாகுயின் அடித்து நான்கு நாள் நன்றாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் பார்த்தால் முன்னைவிட அதிகம். கடையில் அபாமெக்டினையும் புரோபர்கைட்டையும் ஒன்றாகக் கலந்து இரட்டை அளவில் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா? பூச்சி மருந்தே சிலந்தியைக் கூட்டும் என்று சிலர் சொல்வது உண்மையா?

பத்துமடங்குலென்ஸ்:

உண்மைதான். உங்கள் பட்டியலிலேயே விடை இருக்கிறது. 28, 38, 47 என மூன்று முறை செயற்கைப் பைரித்ராய்டு போயிருக்கிறது. லாம்டாவும் சைபர்மெத்ரினும் துளைப்பான் புழுவைக் கொல்லும். செஞ்சிலந்தியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் செஞ்சிலந்தியைத் தின்னும் இரைவிழுங்கிச் சிலந்தி, குண்டூசித் தலை அளவுள்ள கறுப்புப் பொறிவண்டு, ஆறு புள்ளி இலைப்பேன் எல்லாவற்றையும் துடைத்துவிடும். நம் ஊர்க் காய்கறியில் இயல்பாகவே இருக்கும் இரைவிழுங்கிச் சிலந்தி நியோசியூலஸ் லாங்கிஸ்பைனோசஸ். பைரித்ராய்டு படிந்த இலையில் அது நடந்தாலே போதும், தனியாக மேலே மருந்து விழ வேண்டியதில்லை. ஐரோப்பியப் பசுமைக்குடில்களுக்கான பட்டியல்களில் பைரித்ராய்டு அடித்த பிறகு இரைவிழுங்கிச் சிலந்தியைக் கொண்டுவந்து விடுவதற்கு 8 முதல் 12 வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். திறந்த வெளியில், நம் வெயிலில், புது இலை வந்துகொண்டே இருக்கும் பயிரில் அவ்வளவு நாள் ஆகாது. ஆனாலும் பத்து நாளுக்கு ஒருமுறை அடித்தால் அது திரும்பி வர இடமே இல்லை.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. பைரித்ராய்டு செஞ்சிலந்தியைக் கொல்லாவிட்டாலும் எரிச்சலூட்டும். கூட்டமாக ஓர் இலையில் இருந்தது கலைந்து பக்கத்து இலைக்கும் பக்கத்துச் செடிக்கும் போகும். நெரிசல் இல்லாத இடத்தில் ஒவ்வொரு பெண்ணும் அதிக முட்டை இடும். நான்கு செடியில் இருந்தது நாற்பது செடிக்குப் பரவ இதுவும் ஒரு காரணம்.

வேகத்தைப் பாருங்கள். 30 டிகிரியில் முட்டை முதல் வளர்ந்த சிலந்தி வரை எட்டு நாள் சுமார். 20 டிகிரியில் அதற்கு இரண்டு மடங்கு நாள் ஆகும். ஒரு பெண் நூறு முட்டை வரை இடும். இந்த வெயிலில் 62ஆம் நாள் தப்பிய முட்டைகள் 74ஆம் நாளுக்குள் அடுத்த தலைமுறைக்கு முட்டையிட ஆரம்பித்திருக்கும். நீங்கள் பார்த்த 'முன்னைவிட அதிகம்' அதுதான்.

இரட்டை அளவுக் கலவை வேண்டாம். அது வேலை செய்யாது என்பதற்காக மட்டுமல்ல. புரோபர்கைட் வெயிலில் இலையைப் பொசுக்கும், அதையும் இரட்டிப்பாக்கினால் குருத்து கருகும்.

ஓடைக்கரை:

பைரித்ராய்டு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டியலில் உள்ள இமிடாகுளோபிரிட்டும் தயாமீதாக்சாமும் செஞ்சிலந்தியையும் பிடித்திருக்க வேண்டாமா? சாறு உறிஞ்சும் எல்லாவற்றையும் அது கொல்கிறதே. செஞ்சிலந்தியும் சாறு உறிஞ்சுவதுதானே? போகட்டும், பழைய டைகோபால் இருந்தால் ஒரே அடியில் முடியும்.

பத்துமடங்குலென்ஸ்:

அசுவினியும் வெள்ளை ஈயும் பூச்சி, ஆறு கால். செஞ்சிலந்திக்கு எட்டு கால், அது சிலந்தி இனம். இமிடாகுளோபிரிட்டும் தயாமீதாக்சாமும் சேர்ந்த நியோனிகோட்டினாய்டு வகை மருந்து செஞ்சிலந்தியைக் கொல்வதில்லை. அதற்கு மேலே ஒரு படி போய், உதவியும் செய்கிறது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வண்டைக் கட்டுப்படுத்த எல்ம் மரங்களுக்கு இமிடாகுளோபிரிட் கொடுத்தார்கள். அந்த மரங்களில் சிலந்தி வெடித்துக் கிளம்பியது. இரைவிழுங்கிகள் செத்தது மட்டும் காரணம் இல்லை, மருந்து ஏறிய இலையைத் தின்ற சிலந்தியே அதிக முட்டை இட்டது. பின்னால் பருத்தி, மக்காச்சோளம், தக்காளி மூன்றிலும் நியோனிகோட்டினாய்டு கொடுத்துப் பார்த்தபோது, செடியின் தற்காப்பு மரபணுக்களின் வேலையே மாறி, சிலந்தி பெருகியது. 10ஆம் நாள் வேரில் ஊற்றியதற்கு ஒரு காரணம் இருக்கலாம். 55ஆம் நாள் தயாமீதாக்சாமுக்கு அந்தக் காரணமும் இல்லை, செஞ்சிலந்தி ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த நேரம் அது.

டைகோபாலை மறந்துவிடுங்கள். டிடிடியிலிருந்து செய்யப்படுவது, 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்ந்தது, இந்தியாவில் 2023இல் தடையானது. எங்காவது பழைய டப்பா கிடைத்தாலும் தொடாதீர்கள்.

கூம்புநாசில்:

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் டேங்கை எண்ணுங்கள். காய்ப்பு நிலைக் கத்தரிக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் வேண்டும். 60 சென்டுக்கு 120 லிட்டர், அதாவது 16 லிட்டர் டேங்கில் ஏழரை. நீங்கள் அடித்தது 4 டேங்க், 64 லிட்டர். டேங்குக்கு 40 மில்லி என்பது சரியான அடர்த்திதான் (லிட்டருக்கு 2.5 மில்லி). ஆனால் நிலத்துக்குப் போக வேண்டிய 300 மில்லியில் 160 மில்லிதான் போயிருக்கிறது. அதுவும் பெரும்பாலும் இலையின் மேல்பக்கம் விழுந்திருக்கும். பெனாசாகுயின் இலைக்குள் ஊடுருவி அடிப்பக்கம் போகும் மருந்து இல்லை. எங்கே படுகிறதோ அங்கேதான் வேலை. செஞ்சிலந்தி மேல்பக்கம் இல்லை.

செய்ய வேண்டியது: வெற்றுக்கூம்பு நாசில் போட்டு, குழாயை வரப்பு மட்டத்துக்கு இறக்கி, நாசில் வாய் மேல்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். செடியின் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும், ஒரு பக்கம் போய் மறுபக்கத்தைக் கையெட்டித் தெளித்தால் நடு இலை காய்ந்தே இருக்கும். இரண்டு செடி அடித்ததும் நிறுத்தி, தரையிலிருந்து மூன்றாவது இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்புக்கு இரண்டு பக்கமும் ஈரம் பளபளக்க வேண்டும். இல்லை என்றால் நடையைக் குறையுங்கள். நூலாம்படை கட்டிய செடிகளில் மருந்துத் துளி நூலிலேயே தொங்கும். அந்த இலைகளை முதலில் கிள்ளிச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி வெளியே கொண்டுபோய் எரியுங்கள். திறந்த கூடையில் வயல் குறுக்கே தூக்கிக்கொண்டு போகாதீர்கள், நடக்கும் வழியெல்லாம் விதைப்பது போல ஆகும்.

கத்தரிக்காடு:

4 டேங்க் கணக்கு புரிந்தது. அப்படியென்றால் பெனாசாகுயினையே ஏழரை டேங்க் மறுபடி அடிக்கட்டுமா?

பத்துமடங்குலென்ஸ்:

வேண்டாம், வேறு விதமாக வேலை செய்யும் மருந்துக் குழுவுக்கு மாறுங்கள். குறைந்த அளவில் ஒருமுறை பட்டுத் தப்பிய கூட்டம் அது. செஞ்சிலந்தியில் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும், அதற்கு ஒற்றைத் தொகுதி மரபணுதான். எதிர்ப்புத் தரும் மாற்றம் ஒன்று வந்தால் மறைந்திருக்க இடமில்லை, உடனே தேர்வாகிவிடும். உலகில் அதிக எண்ணிக்கையிலான மருந்துகளுக்கு எதிர்ப்பு பதிவான உயிர் இதுதான், 90க்கும் மேற்பட்ட மருந்துகள்.

இப்போது ஸ்பைரோமெசிபென் 22.9 எஸ்சி. லிட்டருக்கு 0.8 மில்லி, 16 லிட்டர் டேங்குக்கு 13 மில்லி சுமார், உங்கள் நிலத்துக்கு மொத்தம் 96 மில்லி. கத்தரிக்குக் காத்திருப்பு, அதாவது அடித்த பிறகு பறிக்காமல் விட வேண்டிய காலம், 5 நாள். பறித்த அன்று மாலை அடித்து, அடுத்த பறிப்பை நான்காம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குத் தள்ளுங்கள். வாங்கும் டப்பாவின் லேபிளில் பயிரும் அளவும் நாளும் இருக்கும், கடைசி வார்த்தை அதுதான்.

ஒரு எச்சரிக்கை. இது முட்டையையும் குஞ்சையும் நன்றாகப் பிடிக்கும், வளர்ந்த பெண்ணைச் சட்டென்று கொல்லாது. அதன் முட்டையிடும் திறனைத்தான் குறைக்கும். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் பெரிய சிலந்திகள் நடமாடும். 'மருந்து போலி' என்று அன்றே இன்னொன்றை ஊற்றுவதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஏழாம் நாள் லென்ஸில் பாருங்கள். ஆறு கால் குஞ்சுகள் (பொரித்த புதிதில் செஞ்சிலந்திக்கும் ஆறு கால்தான்) காணவில்லை, பெரியவை மட்டும் சோம்பலாக இருக்கின்றன என்றால் வேலை நடக்கிறது. குஞ்சுகள் நிறைய இருந்தால் மட்டும் 10 முதல் 12ஆம் நாளுக்குள் புரோபர்கைட் 57 ஈசி, லிட்டருக்கு 2 மில்லி. அது நடமாடும் நிலைகளைக் கொல்லும், முட்டையைத் தொடாது. நல்ல சிலந்திக்கு, அதாவது இரைவிழுங்கிச் சிலந்திக்கு, மற்ற பலவற்றைவிடச் சாது. வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள், எண்ணெய் எதையும் சேர்க்காதீர்கள்.

கத்தரிக்காடு:

நல்ல சிலந்தி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாம் எனக்குச் சிவப்புப் புள்ளியாகத்தான் தெரிகிறது.

பத்துமடங்குலென்ஸ்:

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு டேங்க் மருந்துச் செலவுகூட ஆகாது. இலையைத் திருப்பி, மூச்சு விட்டு ஊதுங்கள். செஞ்சிலந்தி மெல்ல நகரும், அல்லது அசையாமல் இருக்கும். உடலில் மயிர் நீட்டிக்கொண்டு, பக்கவாட்டில் கறுப்புத் திட்டோடு, உருண்டையாக இருக்கும். நல்ல சிலந்தி பேரிக்காய் வடிவம், வழவழவென்று பளபளக்கும், கால் நீளம். ஊதியதும் நரம்போரம் ஓட்டமாக ஓடும், முன்கால்களைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு. முட்டையும் வேறு. செஞ்சிலந்தி முட்டை கண்ணாடி மணி போல உருண்டை. நல்ல சிலந்தியின் முட்டை நீள்வட்டம், பெரிது, நரம்பு மடிப்பில் ஒன்றிரண்டாகத்தான் இருக்கும். நிறத்தை நம்பாதீர்கள், இரையைத் தின்றால் நல்லதும் சிவக்கும்.

வயலில் குறுக்காக நடந்து 10 செடி, ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என மூன்று இலை. 30 இலையில் இரண்டையும் எண்ணுங்கள். கெட்டது பத்துக்கு நல்லது ஒன்று என்ற விகிதம் வந்துவிட்டால், எண்ணிக்கை இன்னும் ஏறாத நிலையில், மருந்தை நிறுத்திவிட்டு நான்கு நாள் கழித்து மறுபடி எண்ணுவேன். உங்கள் வயலில் இப்போது பூஜ்யம் வரும் என்பது என் ஊகம். மருந்து படாத அவரை அல்லது வெண்டைச் செடி பக்கத்தில் இருந்தால் அதன் இலைகளைப் பாருங்கள். நல்லது ஓடினால் அந்த இலைகளைக் கொண்டுவந்து கத்தரிச் செடியின் கவட்டில் செருகலாம். ஸ்பைரோமெசிபென் அடித்து இரண்டு வாரம் போகட்டும், அதற்கு முன் அல்ல.

நனைந்தபஞ்சு:

எந்த மருந்து நல்ல சிலந்திக்கு எவ்வளவு கெடுதல் என்று ஆளுக்கொரு பட்டியல் போடுவதால் குழப்பம் வருகிறது. அந்த எண்கள் எப்படி வருகின்றன என்று சொன்னால் பயன்படும்.

ஆய்வகத்தில் அவரை இலையை வட்டமாக வெட்டி, மருந்துக் கரைசலில் சில நொடி முக்கி, உலரவிட்டு, நனைந்த பஞ்சின்மேல் அடிப்பக்கம் மேலே தெரியும்படி வைப்பார்கள். இரைக்குச் செஞ்சிலந்தி முட்டை போட்டு, நல்ல சிலந்திப் பெண்களை விட்டு 24, 48, 72 மணிக்கு எண்ணுவார்கள். வெறும் தண்ணீரில் முக்கிய இலையிலும் சில சாகும், அதைக் கழிக்க 1925இல் ஆபட் கொடுத்த சூத்திரம். தண்ணீரில் 10 சதம், மருந்தில் 64 சதம் செத்தால், 64இல் 10 போக 54, அதை 90ஆல் வகுத்தால் 60 சதம். ஐஓபிசி (உயிரியல் கட்டுப்பாட்டுக்கான பன்னாட்டு அமைப்பு) வகைப்பாட்டில் ஆய்வகச் சாவு 30 சதத்துக்குக் கீழே என்றால் தீங்கற்றது, 79 வரை சற்றே தீங்கு, 80 முதல் 99 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடும் தீங்கு. மேலே சொன்ன 60 இரண்டாவது வகுப்பு.

இரண்டு இடத்தில் ஏமாறுவோம். பைரித்ராய்டு பட்ட இலையிலிருந்து நல்ல சிலந்தி தப்பி ஓடிப் பஞ்சில் மூழ்கும். அதைச் 'செத்தது' என்று எண்ணினால் ஒரு விடை, 'காணவில்லை' என்று தள்ளினால் வேறு விடை. இரண்டாவது, சாவை மட்டும் எண்ணுவது. ஸ்பைரோமெசிபென் பட்ட நல்ல சிலந்தி உயிரோடுதான் இருக்கும், ஆனால் முட்டை குறையும். மூன்று நாள் சோதனையில் அது 'பாதுகாப்பானது' என்று வந்துவிடும். வயலில் இரண்டு வாரம் கழித்துத்தான் குறை தெரியும். எனவே அதை 'மிதமானது' என்று வைத்துக்கொள்ளுங்கள், 'பாதுகாப்பானது' என்று அல்ல.

கேட்டவர் பட்டியலில் யாரும் தொடாத ஒன்று மேங்கோசெப். பூசணக்கொல்லி என்பதால் சிலந்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைப்போம். திரும்பத் திரும்ப அடித்தால் அது நல்ல சிலந்தியின் பெருக்கத்தைக் குறைக்கும். ஒருமுறை அடித்ததால் குடி முழுகவில்லை, வாரம் தவறாமல் அடிப்பதுதான் தவறு.

குண்டுமிளகாய்:

இதே ஸ்பைரோமெசிபெனை மிளகாய்க்கு அடிக்கலாமா? இலை சுருண்டிருக்கிறது, லென்ஸில் சிவப்பாக எதுவும் இல்லை.

பத்துமடங்குலென்ஸ்:

இலை கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு எலிவால் போல நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தி. அது 0.2 மில்லிமீட்டர்தான், நிறமும் கண்ணாடி மாதிரி, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. விரியாத குருத்திலையின் அடியில் தேடுங்கள். மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டிருந்தால் இலைப்பேன், அதற்குச் சிலந்தி மருந்து வீண். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு, முரணை என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால்தான் தப்பு மருந்து வாங்குகிறோம். மஞ்சள் சிலந்தி என்றால் ஸ்பைரோமெசிபென் அதே அளவு, மிளகாய்க்குக் காத்திருப்பு 7 நாள். ஹெக்சிதையாசாக்ஸ் 5.45 ஈசியும் மிளகாய்க்குப் பரிந்துரையில் உண்டு, நல்ல சிலந்திக்கு அதுவே சாது. ஆனால் வளர்ந்த சிலந்தியைக் கொல்லாது, ஆரம்பத்திலேயே அடித்தால்தான் பலன். இங்கே தெளிப்பு குருத்துக்குப் போக வேண்டும், கத்தரிக்குச் சொன்னது போல அடி இலைக்கு அல்ல.

கூம்புநாசில்:

சிலந்தி அடங்கினாலும் துளைப்பானுக்கு மறுபடி லாம்டாவை எடுத்தால் அடுத்த மாதம் இதே கேள்வி வரும். துளைப்பான் திட்டத்தை மாற்றாமல் சிலந்திக்கு விடிவில்லை.

வாடித் தொங்கும் குருத்தை வாரம் ஒருமுறை, வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளி அழியுங்கள். கீழே போட்டால் புழு அங்கேயே கூட்டுப்புழுவாகிவிடும். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி, உங்களுக்கு 3. கவர்ச்சிக் குப்பியை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். தெளிப்பு தேவைப்பட்டால் குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்சி நல்ல சிலந்தியை ஒன்றும் செய்யாது, லிட்டருக்கு 0.4 மில்லி. ஆனால் கத்தரியில் அதன் காத்திருப்பு 22 நாள். நான்கு நாளுக்கு ஒருமுறை பறிக்கும் வயலில் அது முடியாத காரியம். இந்த நாள் கணக்கைச் சொல்லாமலே விற்கிறார்கள். பூக்கும் முன்பு குருத்து வாடும் கட்டத்தில் மட்டும் அது. பறிப்பு தொடங்கிய பிறகு எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி, லிட்டருக்கு 0.4 கிராம், காத்திருப்பு 3 நாள். நேரடியாகப் பட்டால் நல்ல சிலந்தியைக் கொஞ்சம் அடிக்கும், ஆனால் பைரித்ராய்டு போல இலையில் வாரக்கணக்கில் நிற்காது. இடையிடையே வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம், அதாவது 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. இரவு ஊறவைத்து, காலையில் வடிகட்டி, மாலையிலேயே அடித்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் வீரியம் போய்விடும்.

ஓடைக்கரை:

நனையும் கந்தகத்தை யாரும் சொல்லவில்லையே? விலையும் குறைவு.

நனைந்தபஞ்சு:

80 டபிள்யூபி லிட்டருக்கு 3 கிராம் என்பது பழைய, நல்ல வழிதான், எதிர்ப்பும் எளிதில் வராது. இந்தக் கேள்வியில் 37 டிகிரி என்று இருக்கிறதே, அதனால்தான் யாரும் சொல்லவில்லை. 35ஐத் தாண்டினால் இலை ஓரம் கருகும், பூசணி வகைகளில் இன்னும் மோசம். நல்ல சிலந்திக்கும் அது முழுச் சாது இல்லை. வேப்பெண்ணெய் அடித்திருந்தால் கந்தகத்துக்கு இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

கத்தரிக்காடு:

நாளை பறிப்பு. மாலை ஸ்பைரோமெசிபென் 96 மில்லி, ஏழரை டேங்க். நூலாம்படை இலை காலையிலேயே சாக்கில். ஏழாம் நாள் 30 இலை எண்ணி இங்கே போடுகிறேன். தண்ணீர் பாய்ச்சுவதில் ஏதாவது மாற்றம் வேண்டுமா?

கூம்புநாசில்:

அடிக்கும் அன்று காலையில் சொட்டுநீரை நன்றாக விடுங்கள், வாடிய செடியில் எந்த மருந்தும் கருக்கும். வண்டித்தடம் பக்கத்து வரிசைகளில் புழுதி படிந்திருந்தால் முந்தைய நாள் வெறும் தண்ணீரால் கழுவிவிடுங்கள். சிலந்தி அங்கிருந்துதான் முதலில் கிளம்பியிருக்கும், எண்ணும்போது அந்த வரிசையைத் தனியாக எழுதுங்கள். யூரியாவை இரண்டு வாரம் நிறுத்தி வையுங்கள்.